அடியில் சொட்டும், மேலே ஒழுகும்

பொலேரோ பிக்கப்பின் அடியில் படுத்து டார்ச் அடித்தால், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங்கின் அடிவயிற்றில் ஒரு சொட்டு கறுப்பு ஆயில் தொங்கிக்கொண்டிருக்கும். உடனே விழாது. அடுத்த சொட்டு வந்து தள்ளினால்தான் விழும். இதைப் பார்த்ததும் பட்டறையில் வருகிற முதல் தீர்ப்பு: "பேக் சீல் போயிருச்சுண்ணே, கியர்பாக்ஸை இறக்கணும்." பேக் சீல் என்பது இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலை அடைக்கிற வளையம். அதன் விலை சில நூறு ரூபாய்தான். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலியும், வண்டி நிற்கிற நாட்களின் வாடகை இழப்பும் அதைப்போல் பல மடங்கு. அத்தனையும் முடித்து, லோடு ஏற்றி ஒரு நடை போய்வந்த பிறகு அதே இடத்தில் அதே சொட்டு தொங்கினால், போனது பேக் சீல் இல்லை என்று அர்த்தம். மேலே, இன்ஜினின் தலையை மூடுகிற டேப்பட் கவரின் பின்மூலையில் பேக்கிங் காய்ந்துபோய்க் கசிந்துகொண்டிருந்திருக்கும். அதை மாற்ற அரை மணி நேரமும் ஒரு பத்து நம்பர் ஸ்பேனரும் போதும்.

ஆயில் இறங்குகிற வழியைப் புரிந்துகொண்டால் இந்தத் தப்பு நடக்காது. கசிந்த ஆயில் இன்ஜின் உடம்பை ஒட்டியே கீழே இறங்கும். வண்டி ஓடும்போது ரேடியேட்டர் விசிறியின் காற்றும் எதிர்காற்றும் அதைப் பின்னால் தள்ளும். வழியில் ஒரு வயர், ஒரு பிராக்கெட், ஒரு போல்ட் தலை கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டிலும் நகரும். ஆக, முன்னால் கசிந்தாலும் மேலே கசிந்தாலும் கடைசியில் எல்லாம் கூடுகிற இடம் இன்ஜினின் அடிப்பக்கம், பின்மூலை. சொட்டுகிற இடத்திலிருந்து மேலேயும் முன்னாலேயும் தேடிப் போக வேண்டும். நனைந்த இடங்களிலேயே எது உயரமோ, எது முன்னாலிருக்கிறதோ, அதற்குப் பக்கத்தில்தான் ஓட்டை.

இங்கே பேச்சு, பானட்டுக்குள் நீளவாக்கில் நிற்கிற நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின்களைப் பற்றியது. முதலில் வந்த டாடா ஏஸ் மாதிரி சீட்டுக்கு அடியில் இன்ஜின் படுத்திருக்கிற வண்டிகளில் காற்றோட்டம் வேறு, கை நுழைகிற வழியும் வேறு. தேடுகிற முறை மட்டும் மாறாது.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன்னால் பானட்டைத் திறந்து ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்க்கவேண்டும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுக்கவேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், கசிவைத் தேடுவதெல்லாம் அப்புறம்; முதலில் ஆயில் ஊற்ற வேண்டும். மேல்கோட்டையும் தாண்டி இருந்தால் அதுவே கசிவுக்குக் காரணமாக இருக்கலாம். கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கி எல்லா வழியிலும் தள்ளும். ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் விஷயம் பெரிது, ஆயிலில் டீசல் கலக்கிறது. ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டைத் தாளில் வைத்துப் பார்த்தால், டீசல் கலந்த ஆயில் நடுவில் கறுப்பும் சுற்றிலும் வெளிறிய அகல வளையமுமாகப் பரவும். முகர்ந்தாலும் டீசல் வாடை தெரியும். இப்படி நீர்த்துப்போன ஆயில், 15டபிள்யூ-40 என்கிற வழக்கமான டீசல் இன்ஜின் ஆயிலின் தடிப்பில் கசியாத இடத்தில்கூடக் கசியும். அந்த நிலையில் பேக்கிங் மாற்றிப் பயனில்லை. இன்ஜெக்டரையும் பம்பையும்தான் பார்க்கவேண்டும்.

அடுத்து, சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்பது. டீசல் வண்டியில் இது சுலபம். இன்ஜின் ஆயில் மாற்றிய சில நாளிலேயே மை மாதிரி கறுத்துவிடும். கியர் ஆயில் தேன் நிறத்தில் தடிப்பாக, கந்தக நாற்றத்தோடு இருக்கும். ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. பவர் ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. கூலன்ட் பச்சையோ ரோஸோ, தொட்டால் வழவழப்பு இருந்தாலும் தண்ணீரில் உடனே கரைந்துவிடும். வெள்ளை அட்டையில் சொட்டை ஏந்திப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். தேன் நிறமும் கறுப்பும் கலந்து பெல் ஹவுசிங்கில் வருகிறது என்றால், கியர்பாக்ஸின் முன் சீலும் சேர்ந்து போயிருக்கிறது.

பொறுமை வேண்டிய வேலை இனிமேல்தான் ஆரம்பம்: கழுவுவது. மூன்று வருஷத்துப் பிசுக்கு அரை அங்குலத்துக்கு அப்பிக்கிடக்கிற இன்ஜினில் கசிவைத் தேடுவது, மழை பெய்யும்போது ஓட்டு வீட்டில் எந்த ஓடு உடைந்தது என்று கீழே நின்று பார்ப்பது மாதிரி. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், காரணம் கை அழுக்காகும் என்பதுதான்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கவேண்டும். சூடான டர்போ மீதோ எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு மீதோ தண்ணீர் பட்டால் வார்ப்பில் விரிசல் விழலாம்; டீசலோ மண்ணெண்ணெயோ பட்டால் புகையும், பற்றிக்கொள்ளவும் கூடும். ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய், ஃபியூஸ் பெட்டி, காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகிற வகை) என்றால் சென்சார் கனெக்டர்கள், எல்லாவற்றையும் பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டிவிட வேண்டும். தடித்த பிசுக்கைப் பழைய புட்டி பிளேடால் முதலில் சுரண்டி எடுக்கவேண்டும். சுரண்டும்போதே கவனித்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். பழைய கசிவு மண்ணோடு சேர்ந்து காய்ந்து, பிளேடில் வறண்ட பட்டையாக உரியும். நடப்புக் கசிவு இருக்கிற தடத்தில் மட்டும் மேல்மண் ஈரமாக, கறுத்துப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது; கழுவிய பிறகு அந்தச் சாட்சி போய்விடும்.

பிறகு டீசலும் பெயின்ட் பிரஷ்ஷும், இல்லையென்றால் டீகிரீசர். மேலிருந்து கீழாகத் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, சாதாரண ஹோஸ் தண்ணீரில் அலச வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைச் சீல், கனெக்டர், பிரீதர் (இன்ஜினின் உள்காற்று வெளியேறுகிற குழாய்) பக்கம் காட்டவே கூடாது. அந்த அழுத்தம் தண்ணீரைச் சீல் உதடு தாண்டி உள்ளே ஏற்றிவிடும். கடைசியில் பனியன் வேஸ்ட்டால் பேக்கிங் ஓரங்களையும், போல்ட் தலைகளின் சந்துகளையும் ஒற்றி எடுத்து, காற்றடித்துக் காயவைக்க வேண்டும். போல்ட் தலைக்குள் தங்கிய டீசல் அரை மணி கழித்து வழிந்து, புதுக் கசிவு மாதிரி ஏமாற்றும்.

இனி வண்டியை ஓடவிட்டு மூன்று கட்டமாகப் பார்க்கலாம். முதலில் நின்ற இடத்திலேயே 15 நிமிடம், இன்ஜின் சூடேறுகிற வரைக்கும். அணைத்துவிட்டு டார்ச், கைப்பிடிக் கண்ணாடி, ஃபோன் கேமரா இவற்றோடு மேலிருந்து கீழாக ஒரு சுற்று. அடுத்து 15, 20 கிலோமீட்டர் ஓட்டம், முடிந்தால் ஒரு மேம்பாலம் ஏறி இறங்கி. பிறகு ராத்திரி முழுக்க நிறுத்தம், அடியில் ஃபிரிட்ஜ் வந்த அட்டையை விரித்து. அட்டையில் முன்சக்கரத்தின் இடத்தையும் முன்பக்கம் எது என்பதையும் பேனாவால் குறித்துவிட வேண்டும். காலையில் கறையை அளந்து பார்த்தால் அது எதற்கு நேர்கீழே என்று சொல்லலாம். தரையில் ஒரு கறை என்று சொல்வதைவிட, முன் அச்சிலிருந்து இரண்டடி பின்னால், டிரைவர் பக்கம் நாலு விரல் என்று சொன்னால் மெக்கானிக்குக்கும் வேலை குறையும்.

அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், மூன்றும் வேண்டும். ஓடுகிற இன்ஜினுக்குள் தலையை விடுகிறவர் லுங்கியும் தோளில் துண்டும் போட்டுக்கொண்டு விடவே கூடாது. விசிறியும் பெல்ட்டும் துணியைத்தான் முதலில் பிடிக்கும். காமன் ரெயில் பைப் பக்கம் ஈரம் தெரிந்தால் விரலால் தடவிப் பார்ப்பதும் கூடாது. உள்ளே ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். ஊசிமுனை ஓட்டை வழியாக வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

மூன்று கட்டத்தில் எதில் ஆயில் தெரிந்தது என்பதே ஒரு விடை. இன்ஜினுக்குள் ஆயில் இரண்டு விதமாக இருக்கிறது. பம்ப் தள்ளுகிற அழுத்த ஆயில் ஒன்று: சூடான ஐடிலில் சுமார் 1 பார், வேகத்தில் 3 முதல் 5 பார் வரை இருக்கும். ஃபில்டர், ஆயில் கூலர், பிரஷர் சுவிட்ச், டர்போவுக்குப் போகிற பைப், வேக்குவம் பம்ப் பைப் எல்லாம் இந்த வகை. இங்கே ஓட்டை என்றால் இன்ஜின் ஓடும்போது பீச்சும், அணைத்ததும் நின்றுவிடும். ராத்திரி அட்டை ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். இன்னொன்று தெறித்து, வழிந்து கீழே சேருகிற ஆயில். டேப்பட் கவர், டைமிங் கவர், கிராங்க் சீல்கள், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியான சேம்பர். இங்கே பீச்சாது, ஊறும். சேம்பர் பேக்கிங்கும் ட்ரெயின் போல்ட்டும் மட்டும் நின்ற வண்டியில் விடியவிடியச் சொட்டும், ஏனென்றால் ஆயில் அங்கேதான் தேங்கி நிற்கிறது.

மேலிருந்து தொடங்கினால் முதலில் டேப்பட் கவர். ரப்பர் பேக்கிங் சூட்டில் வெந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது. கவரின் பின்பக்கம் ஃபயர்வாலுக்கு ஒட்டி இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. விரலை விட்டுத் தடவி எடுத்துப் பார்க்கவேண்டும். மெல்லக் கசிகிறது என்று போல்ட்டை இன்னும் இறுக்குவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. தகரக் கவர் என்றால் போல்ட் இருக்கிற இடம் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் மேலெழும்பி, கசிவு அதிகமாகும். இந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரைதான் வழக்கம். இரண்டு விரலால் ராட்செட்டைப் பிடித்து இறுக்குகிற பலம். நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறுக்குமறுக்காக.

பிறகு ஆயில் ஊற்றுகிற மூடி. சிரிப்பாக இருக்கும், ஆனால் மூடியின் ரப்பர் வளையம் அறுந்து, டேப்பட் கவர் முழுக்க நனைந்து, அதற்குப் பேக்கிங் மாற்றுகிறவர்கள் உண்டு.

ஆல்டர்னேட்டரைச் சும்மா தாண்டிப் போகக்கூடாது. பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதற்கு இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய பைப்பில் ஆயில் போய், ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகச் சேம்பருக்குத் திரும்பும். திரும்புகிற ஹோஸ் சூட்டில் வெடித்து கிளிப்பின் அடியில் கசிவது ஒரு வகை. இன்னொரு வகை மோசமானது: பம்ப்புக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவிலிருக்கிற சீல் போய், ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் போகும். வெளியே கசிவு கொஞ்சம்தான் தெரியும், ஆனால் கார்பன் பிரஷ் நனைந்து சார்ஜ் நிற்கும். பேட்டரி லைட் எரிகிறது என்று எலெக்ட்ரீஷியனிடம் போனவர், ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளில் கறுப்பு ஆயில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தால் இரண்டு கேள்விக்கும் ஒரே விடை கிடைக்கும்.

ஆயில் பிரஷர் சுவிட்ச் சின்ன சாமான், பெரிய ஏமாற்றுக்காரன். உள்ளே இருக்கிற படலம் கிழிந்தால் வயர் மாட்டுகிற முனை வழியாகவே ஆயில் வரும். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஆயில் இருந்தால் சுவிட்ச் முடிந்தது. அந்த ஆயில் வயரின் உறைக்குள் ஏறி, ஒரு முழம் தள்ளி வெளியே வந்து சொட்டுவதும் உண்டு. புதிதாக மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் போடக்கூடாது. ஒற்றை வயர் சுவிட்சுக்கு எர்த் கிடைப்பது இன்ஜின் உடம்பு வழியாகத்தான். டேப் அதைத் தடுக்கும், கிழிந்த நூல் ஆயில் வழியில் போய் அடைக்கும். மரையில் திரவ சீலன்ட் ஒரு கோடு போதும்.

ஃபில்டரில் நடக்கிற விபத்து ஒன்றுதான், ஆனால் பெரியது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைப் பார்க்காமல் புதியதைத் திருகினால் வளையத்தின் மேல் வளையம். ஐடிலில் தாங்கும், ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் பிதுங்கிக்கொண்டு சேம்பர் முழுவதையும் ரோட்டில் ஊற்றிவிடும். மாற்றும்போது முகத்தைத் துணியால் துடைத்து விரலால் ஒரு சுற்று தடவ வேண்டும். புது வளையத்தில் ஆயில் பூசி, முகத்தில் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. செயின் போட்டு இறுக்குவது கழற்றுகிறவனுக்குச் செய்கிற துரோகம்.

முன்பக்கம் வந்தால் கிராங்க் புல்லிக்குப் பின்னாலுள்ள முன் சீல். இதன் அடையாளம் தனி: புல்லி சுழன்று ஆயிலை வட்டமாக வீசும். புல்லிக்கு நேர்மேலே பானட்டின் அடியில், பக்கத்தில் சேசிஸில், ரேடியேட்டர் கவசத்தில், ஒரே தளத்தில் ஒரு கோடாகத் தெறித்திருக்கும். சீலை மாற்றும்போது புல்லியின் கழுத்தைப் பார்க்கவேண்டும். பழைய சீலின் உதடு தேய்த்துத் தேய்த்து நகம் மாட்டுகிற பள்ளம் விழுந்திருந்தால், புதுச் சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து கசியும். சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்கார வைத்து உதட்டைப் புது இடத்தில் ஓடவிடலாம், அல்லது ரிப்பேர் ஸ்லீவ் போடலாம். ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயில் இருக்கிற பக்கம் பார்த்திருக்கவேண்டும். ரப்பர் உதடு என்றால் ஆயில் தொட்டு மாட்ட வேண்டும். டெஃப்லான் உதடு என்றால் உலர்ந்தபடியே, விரல் படாமல்.

சேம்பரிலும் ட்ரெயின் போல்ட்டிலும் கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் கைதான். ட்ரெயின் போல்ட்டின் காப்பர் வாஷர் ஒருமுறை நசுங்கித்தான் அடைக்கும். அதையே பத்துமுறை போட்டு, கசிகிறது என்று இன்னும் இறுக்கி, கடைசியில் அலுமினியச் சேம்பரின் மரையை உருவிவிடுகிறார்கள். புது வாஷர் சில்லறைக் காசில் முடிகிற சாமான். அது கிடைக்காத ஊரில் பழைய காப்பர் வாஷரைச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகும், அவசரத்துக்கு உதவும். தகரச் சேம்பரை இறக்கினால் பேக்கிங் போடுகிற விளிம்பை ஒரு கண்ணாடித் துண்டு மீது வைத்துப் பார்க்கவேண்டும். போல்ட் துளைகள் மேலே புடைத்திருந்தால் கட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டி மட்டமாக்காமல் எந்தப் பேக்கிங்கும் நிற்காது.

இத்தனை இடங்களில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று, அதைச் சரிசெய்தால் வேறொன்று என்று ஆயில் வந்துகொண்டே இருந்தால், பேக்கிங்கைக் குறை சொல்லாதீர்கள். பிரீதரைப் பாருங்கள்.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு கீழே இறங்குவது எந்த இன்ஜினிலும் இயல்பு. பட்டறையில் இதற்குப் பேர் பேக் கம்ப்ரஷன். அந்தக் காற்று வெளியேற டேப்பட் கவரிலிருந்து ஒரு பிரீதர் குழாய் ஏர் இன்டேக்குக்குப் போகும். உள்ளே ஆயில் துளிகளைப் பிடித்து நிறுத்த ஒரு வலையோ தடுப்போ இருக்கும். வலை கரியும் பிசுக்குமாக அடைத்துக்கொண்டாலோ, ஹோஸ் உள்பக்கம் ஊதி ஒட்டிக்கொண்டாலோ, காற்று போக வழியில்லாமல் இன்ஜினின் வயிறு உப்பும். சீல்கள் உள்ளிருந்து வெளியே தள்ளுகிற அழுத்தத்தைத் தாங்குவதற்குச் செய்தவை அல்ல. எது பலவீனமோ அது முதலில் திறக்கும். புதுப் பேக் சீல் ஒரே மாதத்தில் போவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

சோதிப்பது சுலபம். இன்ஜின் சூடாக ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, கவிழ்த்து அதே வாயின் மேல் வெறுமனே வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி. டீசலுக்கு அது வழக்கம். குதித்து விழுந்தால், அல்லது புகை ரயில் மாதிரி குப்குப்பென்று வந்தால், பேக் கம்ப்ரஷன் அதிகம். அடுத்த படி, பிரீதர் ஹோஸைக் கழற்றி வாயால் ஊதிப் பார்ப்பது. தடை இருந்தால் ஹோஸையும் வலையையும் டீசலில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும். கழுவி மாட்டிய பிறகு மூடி அமைதியாக உட்கார்ந்தால் அதிர்ஷ்டம். அப்போதும் குதித்தால் ரிங் தேய்ந்திருக்கலாம், டர்போவின் உள் சீலும் சேர்ந்து ஊதலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் பார்க்காமல் பேக்கிங்குக்குக் காசு செலவழிப்பது வீண்.

டர்போவைச் சொன்னதால் ஒரு விஷயம். டர்போவிலிருந்து ஆயில் கீழே திரும்புவது அழுத்தத்தில் அல்ல, தன் எடையில் வழிந்து. அந்தத் திரும்பு பைப்பின் முகத்தில் பேக்கிங்குக்குப் பதில் சிலிகானை அள்ளிப் பூசி மாட்டினால், பிதுங்கிய சிலிகான் வழியைப் பாதி அடைத்துவிடும். ஆயில் டர்போவிலேயே தேங்கி, சீலைத் தாண்டி இன்டர்கூலர் ஹோஸுக்குள் போகும். ஹோஸ் மூட்டில் ஆயில் வழிகிறது, டர்போ போய்விட்டது என்று புது டர்போ வரைக்கும் போய்விடும் கணக்கு.

கண்ணால் பிடிபடாத கசிவுக்கு இரண்டு வழி. மலிவானது முகப்பவுடர். சுத்தமாகத் துடைத்துக் காய்ந்த இடத்தில் பவுடரைத் தூவி ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால், வெள்ளையில் முதலில் நனைகிற புள்ளி கறுப்பாகத் தெரியும். விசிறிக் காற்று நேரே அடிக்காத பக்கங்களில் மட்டும்தான் இது நடக்கும். மற்றது யுவி சாயம்: 4, 5 லிட்டர் ஆயிலுக்குச் சுமார் 30 மில்லி ஊற்றி, 30 கிலோமீட்டர் ஓட்டி, இருட்டில் யுவி டார்ச்சும் மஞ்சள் கண்ணாடியும் போட்டுப் பார்த்தால் கசிவின் தடம் பச்சையாக ஒளிரும். கரியேறிய பழைய டீசல் ஆயிலில் சாயம் மங்கிவிடும். ஆயில் மாற்றிய கையோடு ஊற்றுவதுதான் உசிதம். பட்டறையில் கம்ப்ரஸர் இருந்தால் பிரீதரை அடைத்துவிட்டு ஸ்டிக் குழாய் வழியாகக் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி பார்க்கலாம். ரெகுலேட்டர் 2, 3 பிஎஸ்ஐயைத் தாண்டக்கூடாது. நேரடியாக டேங்க் காற்றைத் திறந்துவிட்டால் நன்றாயிருந்த சீல்களும் வெளியே வந்து விழும்.

இத்தனையும் பார்த்து, மேலே எல்லாம் உலர்ந்திருக்க, பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் மட்டும் கறுப்பு ஆயில் வருகிறது என்றால் கியர்பாக்ஸ் இறக்க வேண்டியதுதான். ஏற்றத்தில் கிளட்ச் நழுவுவதும் வாடை வருவதும் கூடுதல் சாட்சி. இறக்கிய பிறகும் பேக் சீலைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடாது. ஃப்ளைவீலைக் கழற்றி ஈரம் எங்கே என்று பார்க்கவேண்டும். கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கிற புஷ்ராட் இன்ஜின்களில் அதன் பின்துளையை அடைக்கிற தட்டு, சீலுக்குச் சற்று மேலே, ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கும். அது கசிந்தாலும் வெளியே தெரிவது பேக் சீல் மாதிரிதான். சில இன்ஜின்களில் ஃப்ளைவீல் போல்ட் துளைகள் உள்பக்கம் திறந்திருப்பதால் மரையில் சீலன்ட் இல்லாமல் மாட்டினால் போல்ட் வழியாக வரும். சீலைத் தாங்குகிற தட்டின் பேக்கிங்கும் ஒரு வழி. கிராங்கை நெம்புகோலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து ஆட்டம் அதிகமாக இருந்தால், எந்தச் சீலும் நெடுநாள் வராது. கியர்பாக்ஸின் முன் சீல், ரிலீஸ் பேரிங், கிராங்க் முனையிலுள்ள பைலட் பேரிங் இவற்றை இப்போதே மாற்றிவிடுவது புத்தி. இன்னொரு தடவை இறக்குகிற கூலி மிச்சம். ஆயில் குடித்த கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவதும் உண்டு. நூறு கிலோமீட்டர் ஓடும், பிறகு சூட்டில் உள்ளே ஊறிய ஆயில் வெளியே வந்து மறுபடி நழுவும்.

சிலிகான் பேஸ்ட்டைப் பற்றி. அனபாண்ட் என்று எந்தக் கம்பெனி ட்யூபையும் கூப்பிடுகிற அளவுக்கு அது பட்டறையில் குடியேறிவிட்டது. கெடுதல் அதில் இல்லை, அளவில் இருக்கிறது. இரண்டு முகத்திலும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, பெட்ரோல் துணியால் ஆயில் பிசுக்கே இல்லாமல் துடைத்து, ஒரு முகத்தில் 2, 3 மில்லிமீட்டர் கனத்தில் அறுந்துபோகாத ஒரே கோடு. போல்ட் துளைகளின் உள்பக்கமாக. மூடி, விரலால் இறுக்கி, ட்யூபில் போட்டிருக்கிற நேரம் விட்டு, பிறகு அளவோடு முறுக்கு. ஒருநாள் காயவிட்டு ஆயில் ஊற்ற வேண்டும். வெளியே புழு மாதிரி பிதுங்கியிருக்கிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். உள்ளே பிதுங்கியது ஒருநாள் அறுந்து விழுந்து ஆயில் பம்பின் வலையை அடைக்கும். கசிவு நின்றது, இன்ஜின் போனது என்கிற கதை அதுதான். ரப்பர் பேக்கிங் வருகிற இடத்தில் அதன் மேல் சிலிகான் தடவுவதும் வேண்டாம். வழுக்கிக்கொண்டு பேக்கிங் இடம் நகரும்.

எல்லாக் கசிவையும் அடைத்தே தீரவேண்டுமா என்றால், தேவையில்லை. தமிழிலேயே இதற்குத் தரம் பிரித்து வைத்திருக்கிறோம்: கசிவு, சொட்டு, ஒழுக்கு. லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசலில் பேக்கிங் ஓரம் ஈரமாக இருப்பது கசிவு. துடைத்துவிட்டு அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். சொட்டுக்குக் கணக்குப் போடவேண்டும். ஒரு மில்லிக்கு 25 சொட்டு என்று வைத்துக்கொண்டால், ராத்திரியில் பத்துச் சொட்டு அரை மில்லிகூட இல்லை. ஆனால் ஓடும்போது விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் அது ஒழுக்கு; நிமிடத்துக்கு 60 சொட்டு, மணிக்கு 144 மில்லி. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கோயம்பேட்டில் இறக்க எட்டு மணி நேரம் என்றால் 1,150 மில்லி போயிருக்கும். பல இன்ஜின்களில் ஸ்டிக்கின் இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ளது ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். மேல்கோட்டில் கிளம்பிய வண்டி கீழ்க்கோட்டுக்கும் கீழே போய் நிற்கும். எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு மீது விழுகிற கசிவு, பெல்ட்டை நனைக்கிற கசிவு, ஆல்டர்னேட்டருக்குள் போகிற கசிவு இவற்றுக்கு மட்டும் அளவே பார்க்கக்கூடாது, அன்றைக்கே கை வைக்கவேண்டும்.

கடையில் விற்கிற ஸ்டாப் லீக் பாட்டில், காய்ந்த ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும். கிழிந்த பேக்கிங்கையோ பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டையோ அது எதுவும் செய்யாது. சீசன் முடிகிற வரை பதினைந்து நாள் தள்ள உதவலாம், அதற்குமேல் எதிர்பார்க்கக்கூடாது.

வேலை முடிந்ததும் பழைய அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு, வெள்ளையாக வேறொன்று விரித்து, அதே சக்கரக் குறியில் வண்டியை நிறுத்த வேண்டும். முதல் ராத்திரி ஒன்றிரண்டு சொட்டு விழலாம். சேசிஸ் சந்திலும் பெல் ஹவுசிங் உள்ளேயும் தங்கிய பழைய ஆயில் அது. கார்க் பேக்கிங் போட்டிருந்தால் 100 கிலோமீட்டர் ஓடி ஆறிய பிறகு போல்ட்டுகளை ஒரு தடவை மெல்லத் தொட்டுப் பார்க்கலாம், ரப்பரும் சிலிகானும் என்றால் தொடக்கூடாது. 500 கிலோமீட்டரில் ஸ்டிக்கைப் பார்த்து, மட்டத்தை டாஷ்போர்டில் ஒரு துண்டுச் சீட்டில் கிலோமீட்டரோடு எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த தடவை வண்டியைக் கைமாற்றி எடுக்கிற டிரைவருக்கும் கணக்கு தெரியும்.